நாலாம் ரெஜிஸ்டரில் ஒன்று

ஒன்று. ஜீரோ இல்லை, ஒன்று. காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறேன், உதடு அசைகிறதோ என்னவோ, பக்கத்து வரிசையில் மடியில் தூக்குவாளி வைத்திருக்கிற அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள், ஜபம் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும், ஜபம்தான் இது, பதினோரு நாள் கழித்து நேற்று மத்தியானம்தான் எனக்கு அருள் கிடைத்தது. என் பக்கத்தில் நாச்சிமுத்து சார் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். பதினோரு பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு முதலாளி, கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, அதனால் காலை ஒன்பது மணி வெயிலில் திருப்பூர் பஸ். அவருடைய சட்டைப் பையில் நான் இன்னும் கையெழுத்துப் போடாத கடிதம் இருக்கிறது. என் புரோகிராமில் இருந்த பிழையால்தான் விபத்து நடந்தது, அதற்குப் பொறுப்பேற்று வேலையை விட்டு விலகுகிறேன் என்று நான் சொல்வதாக அவர் எழுதியது. கீழே பூங்கோதை என்று டைப் அடித்தாயிற்று, அதற்கு மேலே ஒரு கிறுக்கல்தான் பாக்கி. போன வாரம் கேட்டிருந்தால் போட்டிருப்பேன், அழுதுகொண்டே போட்டிருப்பேன், பேனா கூட நானே கொடுத்திருப்பேன். இன்றைக்குக் கேட்கட்டும் பார்க்கலாம். பீளமேடு தாண்டியாகிவிட்டது, டிரைவர் எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிறார், எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது, ஜன்னல் கம்பி சுடுவது பிடித்திருக்கிறது, பதினோரு நாளாக வாயில் வைத்ததெல்லாம் மண்ணாக இருந்தது, இன்று காலை நாலு இட்லி சாப்பிட்டேன், ஐந்தாவதுக்குக் கை போனது, என் வீட்டுக்காரர் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அரைச் சுற்று. அங்கேதான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொள்கிறது. சாயப்பட்டறையில் அலசிய துணியிலிருந்து தண்ணீரைப் பிழிய ஒரு மெஷின் உண்டு, திருப்பூரில் ஹைட்ரோ என்பார்கள், துளை போட்ட பெரிய டிரம், மேலே கனமான மூடி, மூடினால் சுற்றும், திறந்தால் நிற்கும். மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை ஒரு சின்ன சுவிட்ச் சொல்லும், அது சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட்டுவது எங்கள் கம்பெனி போர்டு, அந்த போர்டுக்குள் இருக்கிற புரோகிராம் நான் எழுதியது. அன்றைக்கு சென்றாயன் என்கிற தர்மபுரிக்காரர் மூடியைத் திறந்து, ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்த ஈரத் துணியைப் பரப்பிவிட உள்ளே கையை விட்டார். டிரம் சுற்றியது. அதிர்வு தாறுமாறாக இருப்பதைப் பார்த்து போர்டே நிறுத்திவிட்டது, அதற்குள் அரைச் சுற்று, அந்த அரைச் சுற்றில் மணிக்கட்டு ஒடிந்தது. அப்படி நிற்கும்போது போர்டு தன் தலைக்குள் அந்தக் கணத்தில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும், அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் நான்தான், பிற்காலத்தில் உதவும் என்று பெருமையாகச் செய்தேன். போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து கணினியில் மாட்டி, பிழை தேடுகிற டீபக்கரில் திறந்தோம், ஆபீஸில் எல்லாரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். நான் புரோகிராமில் பெயர்களைத் தமிழிலேயே வைப்பேன், ஆங்கில எழுத்தில் மூடி, ஓட்டம், அதிர்வு என்று, புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அதைக் கிண்டல் பண்ணாமல் இருந்ததில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை. திரையில் மூடி என்ற பெயருக்கு நேரே ஜீரோ இருந்தது. ஜீரோ என்றால் திறந்திருக்கிறது. அதாவது மூடி திறந்திருப்பது என் புரோகிராமுக்குத் தெரியும், தெரிந்தே மோட்டாரை ஓட்டி ஒருத்தர் கையை ஒடித்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். யாரோ பின்னாலிருந்து ச்சு என்றார்கள். அந்த ச்சு பதினோரு நாளாக என் காதிலேயே குடியிருந்தது.

நீலாம்பூர் பாலத்தில் ஏறுகிறோம். ஏன் நம்பினேன் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறவள், டீபக்கர் பொய் சொல்லும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நாம் எழுதுவதை சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிறது கம்பைலர். அது சும்மா இருக்கிற வரைக்கும் சாது, வரிக்கு வரி மாற்றிக் கொடுக்கும், டீபக்கரும் உண்மையைச் சொல்லும். இடத்தைச் சுருக்கு, வேகத்தைக் கூட்டு என்று ஒரு அமைப்பை மாற்றிவிட்டால் போதும், அதற்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும், வரிகளை முன்னும் பின்னுமாக நகர்த்தும், இரண்டை ஒன்றாக்கும், தேவையில்லை என்று நினைத்ததைத் தூக்கி எறியும், வேலை என்னவோ சரியாகத்தான் நடக்கும், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று டீபக்கருக்காக எழுதி வைக்கிற குறிப்பு மட்டும் பழையபடியே கிடக்கும். சமைக்கிறவள் உப்பு டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள், டப்பா காலி, அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இந்த வீட்டில் உப்பே இல்லை என்று சொன்னால் எப்படி, அப்படி. அந்த அமைப்பை மாற்றியதும் நான்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். பட்டறைகளில் வடக்கத்தி ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள், டிஸ்பிளேயில் ஹிந்தியிலும் எழுத்து வரவேண்டும் என்று சார் ஆசைப்பட்டார், ஹிந்தி எழுத்துகளைச் சேர்த்ததும் சிப்பில் இடம் போதவில்லை, அறுநூறு பைட் அதிகம், சுருக்கு என்று ஒரு டிக் போட்டேன், எல்லாம் அடங்கிவிட்டது, அன்றைக்கு எல்லாருக்கும் ஜிலேபி வந்தது. அதற்கப்புறம் என் மேஜையில் சோதிப்பதெல்லாம் சுருக்காத புரோகிராமை, டீபக்கர் ஒழுங்காகப் பேசும் என்பதால், பட்டறைக்குப் போவது சுருக்கியது, எங்கள் தொழிலில் எல்லாரும் இப்படித்தான், தப்பு என்று தெரிந்தே செய்கிற சோம்பேறித்தனம். இவ்வளவும் தெரியும். தெரிந்தும், திரையில் ஜீரோவைப் பார்த்ததும் இது சுருக்கிய புரோகிராம் ஆயிற்றே என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. குற்றம் என்று ஒருத்தர் சொன்னதும் ஆமாம் நான்தான் என்று முதல் ஆளாக எழுந்து நிற்கிற புத்தி எனக்கு, பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைந்தால் கூட உடைக்காத என் முகம்தான் முதலில் வெளுக்கும். வேறு யாருடைய புரோகிராமாவது இருந்திருந்தால் டீபக்கரை நம்பாதே என்று அதட்டியிருப்பேன். என்னுடையது என்பதால் நம்பினேன். பதினோரு நாள்.

கருமத்தம்பட்டி. ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறுகிறது, மல்லிகையும் டீசலும் கலந்த ஒரு வாசனை, சார் கண் விழித்து எந்த ஊர் என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். எப்படித்தான் தூக்கம் வருகிறதோ. நேற்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், எனக்குப் பசியில்லை, சாமி அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறைகளிலும் லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் வைப்பார்கள், எங்களிடம் ஆயுதம் என்று காட்ட என்ன இருக்கிறது, அதனால் அந்த வருஷம் வெளியே போன புரோகிராமை, நாங்கள் எழுதிய வரிகளும் அதற்குக் கம்பைலர் போட்ட கட்டளைகளும் அடுத்தடுத்து வருகிற மாதிரி காகிதத்தில் அடித்து, பைண்டு பண்ணி, சந்தனம் குங்குமம் வைத்து சார் அலமாரியில் அடுக்கிவிடுவார். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டளைகளைக் கணினியிலேயே பார்க்கலாம்தான், ஆனால் எனக்குத் திரை மேலேயே நம்பிக்கை விட்டுப் போயிருந்தது, எதையாவது விரல் வைத்துப் படித்தால் தேவலை போலிருந்தது, அந்த போர்டில் ஓடுகிற புரோகிராமின் புத்தகத்தைச் சும்மா எடுத்தேன், என் பாவத்தை எழுத்தில் பார்த்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். இருநூற்றுப் பதினேழாம் பக்கம், ஓரமெல்லாம் குங்குமம் ஒட்டி அட்டையாகியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினேன். சுவிட்ச் சொல்வதைப் படி. படித்ததை நாலாம் ரெஜிஸ்டரில் வை, ரெஜிஸ்டர் என்றால் சிப்பின் உள்ளங்கை. அது ஒன்றா என்று பார். ஒன்று இல்லையென்றால் போய்விடு. ஒன்று என்றால் மோட்டாரை ஓட்டு, அதிர்வைப் பார்த்துக்கொண்டிரு. இதெல்லாம் முடிந்து எங்கேயோ பத்து வரி கீழே போய்த்தான், நாலாம் ரெஜிஸ்டரில் இருப்பதை மூடி என்ற இடத்தில் எழுது என்று இருந்தது. கீழே. மோட்டார் ஓடிய பிறகு. விரல் அங்கேயே நின்றுவிட்டது. டீபக்கர் பார்த்த மூடி போன தடவை எழுதி வைத்த மூடி, இந்தத் தடவை எழுதுவதற்குள் போர்டு நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்தக் கணத்து நிஜம் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. போர்டு எழுதி வைத்ததில் ரெஜிஸ்டர்களும் உண்டு, யாருமே அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, பெயர் இல்லாத எண்களை யார் பார்ப்பார்கள். ஓடிப்போய்த் திறந்தேன். பூஜ்யம், ஒன்றாம், இரண்டாம், மூன்றாம், நாலாம் ரெஜிஸ்டர். ஒன்று. மூடியிருக்கிறது என்று சுவிட்ச் சொல்லியிருக்கிறது. என் புரோகிராம் கேட்டிருக்கிறது, சரியாகத்தான் கேட்டிருக்கிறது, பொய் சொன்னது சுவிட்ச். ஆளில்லாத ஆபீஸில் நான் என் மேஜையைப் பட்டென்று அறைந்தேன், கை வலித்தது, இன்னொரு தடவை அறைந்தேன்.

சந்தோஷப்படலாமா என்று ஒரு குரல். ஒருத்தர் கை ஒடிந்து கிடக்கிறது, நீ இட்லி தின்கிறாய். சந்தோஷப்படத்தான் படுவேன், நான் ஒடிக்கவில்லை, அவ்வளவுதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கமில்லை, பயம் இருக்கிறது. தெக்கலூர் தாண்டி பஸ் வேகம் எடுக்க எடுக்க அந்தப் பயமும் வேகம் எடுக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்த சாரிடம் காகிதத்தையும் எண்ணையும் காட்டினேன், மூச்சு விடாமல் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “இந்த நம்பரை யாருக்குங்க காட்டறது? ஸ்கிரீன்ல ஜீரோன்னு இருந்ததை பட்டறைக்காரங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டனே.” கெட்ட மனுஷர் இல்லை, கண்ணால் பார்த்ததை நம்புகிறவர், என்னை மாதிரியே. பட்டறைக்காரர்கள் ஒரு பெயர் கேட்கிறார்கள், ஒரு பெயர் கொடுத்துப் புது புரோகிராம் போட்டுத் தருகிறோம் என்றால் விட்டுவிடுவார்கள், அவருக்கு அது போதும். அதே சுவிட்ச் போட்ட ஹைட்ரோ இன்னும் அறுபத்திரண்டு பட்டறைகளில் ஓடுகிறது சார், நான் கையெழுத்துப் போட்டால் புரோகிராம் மாறும், சுவிட்ச் அப்படியே இருக்கும், அடுத்த கை என்றைக்கு என்று கேட்டேன். சரி, நாளைக்கு நேரில் போய் அந்த சுவிட்சைப் பார்ப்போம், கெட்டுப்போயிருந்தால் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன், நன்றாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டிருக்கக் கூடாதோ. சுவிட்ச் நன்றாக இருந்துவிட்டால். பட்டறையில் அதை மாற்றியிருந்தால். நாலாம் ரெஜிஸ்டரில் இருந்த ஒன்று வேறு எதற்கோ வைத்த ஒன்றாக இருந்தால். இல்லை, இருநூற்றுப் பதினேழாம் பக்கம், படி, வை, பார், ஓட்டு, நடுவில் யாரும் நாலைத் தொடவில்லை, மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தாயிற்று. நாலாவது தடவை பார்த்திருக்கலாம். காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கலாமா, பஸ் குலுங்குகிறது, எழுத்து ஆடும், ஆடினால் சந்தேகம் வரும், வேண்டாம். படி, வை, பார், ஓட்டு.

அவிநாசி. கோபுரம் ஒரு கணம் தெரிந்து கட்டடங்களுக்குப் பின்னால் போகிறது, அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். சென்றாயனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், மூன்றாம் நாள், யாரிடமும் சொல்லவில்லை, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என் வயசுதான் இருக்கும், விரல் நகங்களில் நீலச் சாயம் போகாமல் இருந்தது. நான்தான் அந்த புரோகிராம் எழுதினவள் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை, என்னிடம் முறையிட்டார். சுவிட்சை சென்றாயனே குச்சி வைத்து அமுக்கிவிட்டு வேலை பார்த்திருப்பார், சீக்கிரம் முடிக்க அப்படிச் செய்வார்கள் என்று பட்டறை சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். “நான் எதையும் அமுக்கலைங்க மேடம். மூடியத் தெறந்தேன், கைய உட்டேன், அவ்ளோதான். சத்தியமாச் சொல்றன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க.” நான் நம்புகிறேன் என்று சொன்னேன், சொல்லும்போது நான் நம்பியது என் குற்றத்தை, அவருடைய சத்தியத்தை இல்லை, இப்போதுதான் அந்த வித்தியாசம் தெரிகிறது. மூடியைத் திறந்தேன் என்றார் அவர், மூடியிருக்கிறது என்றது சுவிட்ச், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அவருக்கு நேற்று சாயங்காலம் போன் பண்ணினேன், வர முடியுமா என்று கேட்டேன், கை இப்படி இருந்தாலும் வருவேன் என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. பட்டறை வாசலிலேயே ஆவியும் காஸ்டிக் சோடா வாடையும் முகத்தில் அடித்தன, தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர், செருப்பு வழுக்கியது. ஹைட்ரோவுக்கு மின்சாரத்தைப் பிடுங்கி வைத்திருந்தார்கள், போர்டைக் கழற்றியதிலிருந்து யாரும் தொடவில்லையாம், சுவிட்ச் அதேதான், பக்கவாட்டில் பஞ்சு ஒட்டிக்கொண்டு இருந்தது, பார்த்ததும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சார் அவர் பக்கத்தில். சென்றாயன் கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு கொஞ்சம் தள்ளி நின்றார். நான், உள்ளே இணைப்பு இருந்தால் கத்துகிற மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சுவிட்சின் இரண்டு கால்களில் வைத்தேன். மூடி மூடியிருந்தது, மீட்டர் கீ என்று கத்தியது, சுவிட்ச் மூடியிருக்கிறது என்கிறது, சரி. சூப்பர்வைசர் மூடியை மெதுவாகத் தூக்கினார். மீட்டர் சத்தம் நின்றது. திறந்திருக்கிறது என்கிறது. சரி. எல்லாம் சரி. சுவிட்ச் நன்றாக இருந்தது. தூரத்தில் வேறு ஏதோ மெஷின் ஓடுவது கூட எனக்குக் கேட்கவில்லை. சார் என்னைப் பார்க்காமல் சட்டைப் பையைத் தொட்டார். படி, வை, பார், ஓட்டு, நாலாம் ரெஜிஸ்டர், ஒன்று, நான் பார்த்தேன், விரல் வைத்துப் பார்த்தேன், கண்ணும் பொய், விரலும் பொய்யா. அப்போது சென்றாயன் முன்னால் வந்தார்.

“அப்பிடி யாருங்க தெறப்பாங்க? கையில ஈரத்துணி இருக்கறப்ப பூ மாதிரி தூக்கி வெக்க முடியுமா?” என்றார். மூடியை மூடச் சொன்னார். பிறகு நல்ல கையை அடியில் கொடுத்து, வேலை நேரத்தில் எப்படித் திறப்பாரோ அப்படியே, ஒரே தள்ளாகத் தள்ளிக் கையை எடுத்துவிட்டார். கனமான மூடி பின்பக்கம் போய்ச் சட்டத்தில் தடாலென்று மோதியது. மீட்டர் ஒரு நொடி நின்றது, ஒரே ஒரு நொடி, என் முழு ஆயுசும் அந்த ஜீரோவுக்குள் அடங்கி, மூடி மோதிய அதிர்ச்சியில் சுவிட்சுக்குள் ஏதோ டக்கென்று நழுவ, கீ என்று கத்த ஆரம்பித்தது. மூடி விரியத் திறந்து கிடக்கிறது, டிரம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது, மீட்டர் மூடியிருக்கிறது மூடியிருக்கிறது என்று கத்துகிறது. முதலில் ஜீரோ, அப்புறம் ஒன்று, டீபக்கர் பார்த்ததும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை, நடுவில் ஒரு தடால். சூப்பர்வைசர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். சென்றாயன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கை ஒடிந்தவரும் ஒடித்ததாகச் சொல்லப்பட்டவளும் சாயத் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தோம். பட்டறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சார் பையிலிருந்து எடுத்த கடிதத்தை நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், என்ன செய்வதென்று தெரியாமல் துண்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“போதுங்கம்மா, எடுத்துருங்க, காது வலிக்குது,” என்றார் சார்.

நான் மீட்டர் முனைகளை எடுக்கவில்லை. “அறுபத்திரண்டு பேருக்கும் கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொல்லுங்க சார்,” என்றேன், இவ்வளவு உரக்க நான் அவரிடம் பேசியதே இல்லை. “சொல்லி முடிக்கற வரைக்கும் இது கத்தட்டும்.” அவர் போனை எடுத்து முதல் எண்ணைப் போட்டார், நான் முனைகளை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.